லம்பா லைன் ட்ரஃபிள்

என் சாக்லேட் ட்ரஃபிளுக்கு முதன்முதலில் உருண்டை என்று பெயர் வைத்தவள் என் நாத்தனார் சந்திரமதி. அது உருண்டையாகத்தான் இருக்கும், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அவள் சொன்ன தினுசு இருக்கிறதே, அதுதான் எனக்கு ஆகவில்லை. ரவா உருண்டையை வாய் நிறையச் சொல்வாள். பொரி உருண்டையைக்கூடப் பிரியமாகச் சொல்வாள். என்னுடையதைச் சொல்லும்போது மட்டும் கீழுதடு தனியாக வெளியே வரும்.

"வைஜெயந்தி லம்பா லைன்ல உக்காந்து என்னமோ உருண்டை உருட்டிட்டு இருக்கா" என்பாள், வருகிறவர் போகிறவரிடம் எல்லாம்.

டெய்ரி ஃபார்ம் ஏரியாவில் இருக்கிற அவள் வீட்டுக்கும் லம்பா லைனில் இருக்கிற எங்கள் வீட்டுக்கும் ஆட்டோ பிடித்தால் கொஞ்ச நேரம்தான். ஆனால் அவள் பேச்சைக் கேட்டால், ஏதோ மெட்ராஸிலிருந்து தினமும் காலையில் வந்து சாயங்காலம் திரும்பிப் போகிறவள் என்று நினைத்துக்கொள்வீர்கள். இதே போர்ட் பிளேரில் பிறந்து, இதே ஊரில் வாழ்க்கைப்பட்டு, கோயிலுக்கும் கண் ஆஸ்பத்திரிக்கும் தவிர மெயின்லேண்டுப் பக்கம் தலைவைத்துப் படுக்காதவள். அவளுக்கு எது என்றாலும் மெயின்லேண்டுதான் உசத்தி. வெண்டைக்காய் வாங்கினால்கூட, "இது கப்பல்ல வந்ததா, இங்க விளைஞ்சதா?" என்று கேட்பாள். கப்பலில் வந்து வாடிச் சுருங்கிப்போன காயைப் பொறுக்கி எடுத்துக்கொண்டு, பக்கத்துச் சிப்பிகாட் கிராமத்தில் அன்று காலையில் பறித்ததை ஒதுக்கிவிடுவாள். இதற்கு நான் என்ன சொல்வது.

என் ட்ரஃபிள் விஷயத்துக்கு வருகிறேன். சாக்லேட் ட்ரஃபிள் என்றால் சாக்லேட்டும் க்ரீமும். சாக்லேட் கட்டி கப்பலில் வந்துவிடும், கெடாது. க்ரீம்தான் வராது. வந்தாலும் பாக்கெட் உப்பிப்போய் வரும். ஒரு மழைக்காலத்தில் கடல் கொந்தளித்துக் கப்பலே நின்றுபோனபோது, கையில் சாக்லேட்டை வைத்துக்கொண்டு க்ரீமுக்கு எங்கே போவது என்று யோசித்தேன். கொல்லையில் தேங்காய் விழுந்து கிடந்தது. தலைப்பாலைப் பிழிந்து, சின்னத் தீயில் கிண்டிக் கிண்டிச் சுண்டவைத்து, நறுக்கிய சாக்லேட்டின் மேல் ஊற்றினேன். முதல் நாலைந்து தடவை எண்ணெய் பிரிந்துகொண்டது. தூக்கிப்போட்டேன். பிறகு பக்குவம் கைக்கு வந்தது. சிப்பிகாட்டில் ஒச்சம்மா தோட்டத்துக் கிராம்பு வாங்கி, வறுத்துப் பொடித்து, ஒரு சிட்டிகை சேர்ப்பேன். விடியற்காலையில், வெயில் ஏறுவதற்குள், கோகோ தூள் பறக்காமல் இருக்க ஃபேனை அணைத்துவிட்டு, கையை ஐஸ் தண்ணீரில் நனைத்துத் துடைத்துத் துடைத்து உருட்ட வேண்டும். உருட்டியதை வாழையிலை நறுக்கில் வைத்து ஆறவிடுவேன். அதனால் ஒவ்வொன்றுக்கும் அடியில் இலைக்கீற்றின் வரி மெல்லிசாகப் பதிந்திருக்கும். வாயில் போட்டால் முதலில் சாக்லேட் கரையும், பிறகு தேங்காய் வரும், எல்லாம் போன பிறகு கிராம்பு வரும். என் கைவேலையை நானே புகழ்கிறேன் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். வேறு யாரும் புகழாதபோது நான்தான் புகழ வேண்டியிருக்கிறது.

பஜாரில் கிருஷ்ணமூர்த்தி அண்ணன் பலகாரக் கடை வைத்திருக்கிறார். விருதுநகர்ப் பக்கத்துக்காரர். அவர்தான் வாரத்துக்கு இரண்டு தட்டு வாங்கிக்கொள்வார். நான் கொண்டுபோய்க் கொடுப்பேன், அவர் பின்பக்கமாக வாங்கி வைத்துக்கொண்டு என்னை முன்பக்கமாக அனுப்பிவிடுவார். கண்ணாடி அலமாரியில் என் ட்ரஃபிளை நான் பார்த்ததே இல்லை. "வெச்ச உடனே தீந்துருது தங்கச்சி" என்பார். நானும் சந்தோஷமாகத் திரும்பி வருவேன்.

இப்படி இருக்கும்போதுதான் சந்திரமதியின் மகள் கவிப்ரியாவுக்கு நிச்சயதார்த்தம் முடிவானது. மாப்பிள்ளை அஸ்வின், சென்னை தி. நகரில் வீடு. சந்திரமதி தரையில் நடப்பதையே நிறுத்திவிட்டாள். மெயின்லேண்டு சம்பந்தி அல்லவா.

என் வீட்டுக்காரர் சிவபிரகாஷ் கவிப்ரியாவுக்குத் தாய்மாமன். ஹார்பரில் வேலை. தாய்மாமன் சீர் என்று ஒன்பது தட்டு நாங்கள் எடுத்துக்கொண்டு போக வேண்டும். பழம், பூ, புடவை, மஞ்சள் குங்குமம், இனிப்பு என்று எல்லாம் அவரவர் வழக்கப்படி. சபையில், "தாய்மாமன் சிவபிரகாஷ் சீர்" என்றுதான் சொல்வார்கள். கடைவீதியில் அலைந்தது, கட்டியது, தூக்கியது யார் என்று யாரும் கேட்பதில்லை. கல்யாணமான நாளிலிருந்து இந்தக் குடும்பத்தின் எத்தனையோ விசேஷங்களுக்கு நான் தட்டு தூக்கியிருக்கிறேன். ஒன்றில்கூட, இது வைஜெயந்தி செய்தது என்று ஒருவர் சொல்லிக் கேட்டதில்லை.

கவிப்ரியா நல்ல பெண். ஒரு நாள் ஸ்கூட்டியில் வந்து இறங்கி, நேராக அடுப்படிக்கு வந்து உட்கார்ந்தாள்.

"அத்தை, எனக்குச் சீர்த் தட்டுல உங்க ட்ரஃபிள்தான் வேணும். வேற ஸ்வீட் ஒண்ணும் வேணாம். அவங்க வீட்டு ஆளுங்க முன்னாடி நான் இது எங்க அத்தை செஞ்சதுன்னு சொல்லணும்."

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கோகோ தூள் பட்டுவிட்டது என்று சமாளித்தேன்.

அவள் போனில் ஒரு வீடியோ காட்டினாள். அஸ்வின் அனுப்பினானாம். நிஜமான ட்ரஃபிள் என்பது ஒரு காளானாம். ஐரோப்பாவில் மரத்தின் வேரடியில், மண்ணுக்குள்ளே கிடக்குமாம். பார்க்க மண்ணாங்கட்டி மாதிரி, விலையோ நகைக்கடை மாதிரி. அதன் ஜாடையில் இருப்பதால்தான் இந்த மிட்டாய்க்கும் அந்தப் பெயர். மண்ணுக்குள்ளே கிடப்பதை எப்படிக் கண்டுபிடிப்பார்கள் என்று கேட்டேன். அந்தக் காலத்தில் பன்றியைக் கயிற்றில் கட்டி ஓட்டிக்கொண்டு போவார்களாம். அது மோப்பம் பிடித்து மூக்கால் கிளறும். காளான் தலைகாட்டியதும் பன்றியை இழுத்து ஓரமாகத் தள்ளிவிட்டு, ஆள் எடுத்துப் பையில் போட்டுக்கொள்வானாம்.

"பன்னிக்கு என்னடி குடுப்பான்?"

"ஏதாவது சோளம் கீளம் குடுப்பாங்களா இருக்கும் அத்தை."

நாங்கள் இரண்டு பேரும் சிரித்தோம். அன்றைக்கு எனக்கு அது சிரிப்பாகத்தான் இருந்தது.

மறுநாளே சந்திரமதி வந்துவிட்டாள். மகள் சொல்லியிருப்பாள் போல. வந்தவள் உட்காரக்கூட இல்லை.

"வைஜெயந்தி, சீர்த் தட்டுல உன் உருண்டைய வெக்கிறதா கவி சொல்றா. அரே, கொஞ்சம் யோசிச்சுப் பாரு. அவங்க மெட்ராஸ்காரங்க. எவ்வளவோ பெரிய பெரிய கடைல சாப்பிட்டவங்க. இந்தத் தேங்கா உருண்டைய நீட்டி என் மானத்த வாங்கிராத."

"அது ட்ரஃபிள் அண்ணி."

"அச்சா, ட்ரஃபிள்தான். நான் இல்லைங்கல. நம்ம வீட்டுக்குள்ள சாப்பிட்டுக்கலாம், தப்பில்ல. சபைக்கு ஒரு தராதரம் வேணும்ல? பஜார்ல கிருஷ்ணமூர்த்தி கடைல தங்கக் கலர் பெட்டில வருது பாரு, சென்னைச் சரக்கு. நான் சாப்ட்டுப் பாத்துட்டேன். அப்பப்பா, அதுதான் ட்ரஃபிள். வாயில போட்டா அப்படியே கரையுது. அத வாங்கி ஒம்பதாவது தட்டுல வெச்சிரு. பஸ், அவ்வளவுதான், முடிஞ்சது."

சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அவளுக்கு வைத்த காபி ஆறிக்கொண்டிருந்தது. நானே அதைக் குடித்தேன், கசந்தது.

என் வீட்டுக்காரரிடம் சொன்னால், மனிதர் பேப்பரை விட்டுத் தலையைத் தூக்கவில்லை.

"அக்கா ஆசைப்படுது, வாங்கிட்டுப் போயேன். இதுக்குப் போயி ஒரு பஞ்சாயத்தா?"

"ஏங்க, கவி கேட்டது என் கையால செஞ்சத."

"கவி சின்னப் பொண்ணு. அக்கா சபைக்குப் பதில் சொல்லணும்ல. க்யா ஃபரக் படேகா, என்ன வித்தியாசம் வந்துரப் போகுது, எல்லாம் சாக்லேட்டுதான."

எல்லாம் சாக்லேட்டுதான். ஹார்பரில் இவர் பார்க்கிற வேலையை வேறொருவர் பார்த்தேன் என்று சொன்னால், எல்லாம் வேலைதானே என்று விட்டுவிடுவாரா? யூனியன் ஆபீசை ஒரு வழி பண்ணிவிட மாட்டாரா? ஆத்திரத்தோடு செருப்பை மாட்டிக்கொண்டு பஜாருக்குப் போனேன். அந்தச் சென்னை ட்ரஃபிள் அப்படி என்னதான் என்று பார்த்துவிடுவது என்று.

கிருஷ்ணமூர்த்தி அண்ணன் சாப்பிடப் போயிருந்தார். கல்லாவில் அவர் மகள் உதயா இருந்தாள். அந்தப் பெண்ணுக்கு என்னைத் தெரியாது. தங்கப் பெட்டி ஒன்று கேட்டேன். எடுத்துக் கொடுத்தாள். பளபளவென்று, மேலே ஒரு ரோஜாப்பூப் படம். கோல்டன் ரோஸ் ட்ரஃபிள்ஸ், முத்தையா தெரு, தி. நகர், சென்னை. அங்கேயே நின்று பிரித்தேன்.

மூடியைத் திறந்ததுமே கிராம்பு வாசனை வந்தது. எனக்கு முதலில் புரியவில்லை. நான்தான் காலையில் வறுத்தேனே, என் கை மணக்கிறது என்று நினைத்தேன். ஒன்றை எடுத்து அடியைத் திருப்பிப் பார்த்தேன். வாழையிலை வரி. இன்னொன்றை எடுத்தேன், அதிலும் வரி. வாயில் போட்டேன். சாக்லேட், தேங்காய், கிராம்பு. தி. நகரில் எவள் உட்கார்ந்து என் கொல்லைத் தேங்காயைப் பிழிந்தாள்?

பெட்டியைக் கல்லா மேல் வைத்துவிட்டு அங்கேயே நின்றேன். கிருஷ்ணமூர்த்தி அண்ணன் வாயைத் துடைத்துக்கொண்டு வந்தார். என்னைப் பார்த்தார், திறந்த பெட்டியைப் பார்த்தார். ஒரு நிமிஷம்கூட முகம் மாறவில்லை, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"உக்காரு தங்கச்சி. கரும்பு ஜூஸ் சொல்லட்டா?"

"அண்ணே, இது யாரு செஞ்சது?"

"நீதான் செஞ்ச. வேற யாரு?"

"அப்ப இந்தப் பெட்டில ஏன் சென்னைன்னு போட்டிருக்கு?"

"சாக்லேட் கட்டி எங்கருந்து வருது? சென்னைல இருந்து கப்பல்ல வருது. அப்ப சென்னை ட்ரஃபிள்தான?"

"உங்க வீட்டு இட்லி அரிசி எங்கருந்து வருது? அதுவும் கப்பல்லதான் வருது. உங்க வீட்டுக்காரம்மா சுடுற இட்லிய சென்னை இட்லின்னு பெட்டில போட்டு விப்பீங்களா?"

உதயா சிரித்துவிட்டாள். அவர் அவளை உள்ளே போகச் சொன்னார். பிறகு குரலைத் தணித்துக்கொண்டு, எனக்குப் புத்தி சொல்கிற மாதிரி ஆரம்பித்தார்.

"கோவப்படாம கேளு. ஆரம்பத்துல நான் அலமாரில வெச்சேன். லம்பா லைன் வைஜெயந்தி கைப்பக்குவம்னு எழுதித்தான் வெச்சேன். ஒரு ஆளு சீண்டல. தமிழ் ஆளுங்களும் சரி, பெங்காலி, தெலுங்கு ஆளுங்களும் சரி, பாத்துட்டு, 'அச்சா, யஹீன் கா ஹை'ன்னுட்டு நகந்துருவாங்க. இங்க செஞ்சதான்னு ஒரு வார்த்தை, அதோட போச்சு. தங்கப் பெட்டி அடிச்சேன், சென்னைன்னு ஸ்டிக்கர் ஒட்டினேன். இப்ப சொல்லி வெச்சு வாங்குறாங்க. ஊருக்குப் போறவங்ககூட வாங்கிட்டுப் போறாங்க. இன்னொண்ணு சொல்லட்டா? உன் நாத்தனாரே நிச்சயத்துக்குன்னு பெட்டி பெட்டியா சொல்லி வெச்சிருக்காங்க."

"அவங்களுக்குத் தெரியுமா?"

"நான் எதுக்குச் சொல்றேன். உனக்கும் நல்லது, எனக்கும் நல்லது. பேருல என்ன தங்கச்சி இருக்கு?"

பேரில் என்ன இருக்கிறதாம். கடைக்கு வெளியே தலைக்கு மேலே கிருஷ்ணமூர்த்தி ஸ்வீட்ஸ் என்று நாலு பக்கமும் லைட் போட்டு வைத்திருக்கிறார் அந்த மனிதர். எனக்கு அந்தப் பன்றி ஞாபகம் வந்தது. அங்கேயாவது மோப்பம் பிடித்தது பன்றிதான் என்று ஒப்புக்கொள்கிறார்கள். நான் கிளம்பிவிட்டேன். பேசினால் அழுதுவிடுவேன், அழுதால் அவர் கரும்பு ஜூஸ் வாங்கிக் கொடுத்துவிடுவார்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் யோசித்தேன். சந்திரமதி தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடியது என் ட்ரஃபிளை. மட்டம் தட்டியதும் என் ட்ரஃபிளைத்தான். நான் செய்ததை நானே கடையில் போய் வாங்கி, சென்னையிலிருந்து வந்தது என்று சபையில் வைக்க வேண்டுமாம். உயிர் போனாலும் அதைச் செய்வதில்லை என்று முடிவு கட்டினேன்.

நிச்சயத்தன்று விடிவதற்கு முன்னே எழுந்து உருட்டினேன். என் கல்யாணத்துக்கு அம்மா கொடுத்த எவர்சில்வர் தாம்பாளத்தில் வாழையிலை விரித்து, கோபுரமாக அடுக்கினேன். பெட்டி இல்லை, ரோஜாப்பூ இல்லை. டெய்ரி ஃபார்ம் மண்டபத்துக்குள் எட்டுத் தட்டுகளையும் மற்றவர்கள் கொண்டுபோக, ஒன்பதாவதை நானே கையில் ஏந்திக்கொண்டு போனேன்.

வாசலில் சந்திரமதி பன்னீர்ச் சொம்போடு நின்றாள். தட்டைப் பார்த்தாள். சிரித்த முகம் மாறாமல், என் கையிலிருந்து அதை வாங்கிக்கொண்டாள்.

"தா, நான் வெக்கிறேன்."

வைத்தாள். மண்டபத்துக்குப் பின்னால், பாத்திரம் கழுவுகிற இடத்துக்குப் பக்கத்தில், காலி தண்ணீர்க் கேனின் மேல். சபையில் அந்த இடத்தில் தங்கப் பெட்டிகள் அடுக்கிய வேறொரு தட்டு வந்து உட்கார்ந்தது. முன்கூட்டியே தயாராக வைத்திருக்கிறாள், பாருங்கள். நான் ஒரு அடி எடுத்து வைத்தேன். என் வீட்டுக்காரர் முழங்கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஜெயந்தி, சபைல வேணாம்."

மணையில் கவிப்ரியா உட்கார்ந்திருந்தாள். தட்டுகளை ஒவ்வொன்றாகப் பார்த்து, கடைசித் தட்டில் வந்து அவள் கண் நின்றது. பிறகு என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையைப் பார்க்க முடியாமல் நான் தலையைக் குனிந்துகொண்டேன். தப்பு செய்த மாதிரி நான் ஏன் குனிய வேண்டும் என்று பிறகுதான் உறைத்தது.

லக்னப் பத்திரிகை வாசித்தார்கள், தட்டு மாற்றினார்கள். எல்லாம் முடிந்து, மாப்பிள்ளையின் அம்மா உமா மகேஸ்வரி தங்கப் பெட்டியைப் பிரித்து ஒன்றை வாயில் போட்டார். முந்தின நாள் செல்லுலார் ஜெயிலையும் கடற்கரையையும் சுற்றிப் பார்த்த களைப்பில் இருந்தவர், நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"ரொம்ப நல்லா இருக்கே சம்பந்தி. கிராம்பு வாசனை வருது. இங்க பண்றதா?"

"அய்யய்யோ, இல்ல சம்பந்தி" என்றாள் சந்திரமதி, யாரோ அவளைத் திட்டிவிட்ட மாதிரி. "உங்க ஊர்தான். சென்னைல இருந்து வர வெச்சோம். உங்களுக்கு இங்கத்திய சாமான் எல்லாம் ஒத்துக்குமோ என்னமோன்னு."

உமா மகேஸ்வரி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பெட்டியைத் திருப்பிப் படித்தார்.

"முத்தையா தெருவா? நான் தினம் அங்கதானே தள்ளுவண்டியில காய் வாங்கறேன். ஒரு பக்கம் ஸ்கூல் காம்பவுண்டு, ஒரு பக்கம் வீடுங்க. அந்தத் தெருவுல கடையே கிடையாதே."

"புதுசா வந்திருக்கும்..."

"போன வாரம் கூடப் போனேனே."

எல்லோரும் பெட்டியைக் கை மாற்றிப் பார்க்க ஆரம்பித்தார்கள். போலிச் சரக்கு என்று ஒருவர், வாங்கிச் சாப்பிட்டு வயிற்றுக்கு ஏதாவது ஆனால் என்று இன்னொருவர். ஒருவர் கடித்ததைக் கைக்குட்டையில் துப்பினார். என் ட்ரஃபிளைத் துப்பினார். அதற்கு மேல் என்னால் நிற்க முடியவில்லை. முழங்கையை உதறிவிட்டுப் பின்னால் போய், தண்ணீர்க் கேனின் மேலிருந்து என் தாம்பாளத்தை எடுத்து வந்து, உமா மகேஸ்வரிக்கு எதிரே வைத்தேன்.

"இதையும் சாப்பிட்டுப் பாருங்கம்மா."

அவர் ஒன்றை எடுத்துக் கடித்தார். பெட்டியிலிருந்து ஒன்றை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "ரெண்டும் ஒண்ணுதான்" என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் சந்திரமதி முந்திக்கொண்டாள்.

"அதுதான் சம்பந்தி, விளையாட்டுக்குச் சொன்னேன். இது எங்க குடும்பத்துப் பக்குவம். நம்ம வீட்டுல பண்றதுதான்."

நேற்று வரைக்கும் உருண்டை. இன்றைக்குக் குடும்பத்துப் பக்குவம். என் வீட்டுக்காரர் வேறு ஆமாம் ஆமாம் என்று தலையாட்டிக்கொண்டு நிற்கிறார். இவர் என்றைக்காவது ஒரு தேங்காய் உரித்துக் கொடுத்திருப்பாரா?

"நான் செஞ்சது" என்றேன். என் குரல் எனக்கே கொஞ்சம் சத்தமாகக் கேட்டது. "லம்பா லைன்ல, என் அடுப்படில, நான் செஞ்சது. பேரு வைஜெயந்தி. பெட்டில இருக்கிறதும் நான் செஞ்சதுதான், பயப்படாமச் சாப்பிடுங்க. சென்னைன்னு போட்டது கடைக்காரர். அத நம்பினது அண்ணி."

மணையிலிருந்து கவிப்ரியா, "எங்க அத்தை" என்று அஸ்வினிடம் சொன்னது எல்லோருக்கும் கேட்டது.

உமா மகேஸ்வரி தங்கமான மனுஷி. என் கையைப் பிடித்துக்கொண்டார். "என்னமா பண்ணியிருக்கீங்க. நாளைக்கு நாங்க கிளம்பறோம், ஊருக்குக் கொஞ்சம் கொண்டுபோகணும். பண்ணித் தர முடியுமா?" என்றார். என் கோபமெல்லாம் இறங்க ஆரம்பித்தது. அப்போது அவர் சொன்னார், "அந்தத் தங்கப் பெட்டியிலயே போட்டுக் குடுங்க, என்ன. நாலு பேருக்குக் குடுக்கும்போது லட்சணமா இருக்கும்."

அப்படி ஒரு கடையே இல்லை என்று கண்டுபிடித்தவரே அவர்தான். அவருக்கும் அந்தப் பெட்டிதான் வேண்டுமாம். எனக்குச் சிரிப்பதா கத்துவதா என்று தெரியவில்லை. "செஞ்சு தர்றேம்மா" என்று மட்டும் சொன்னேன். சந்திரமதி நிம்மதியாக மூச்சு விட்டாள்.

அன்று சாயங்காலம் பஜாருக்குப் போய், பாத்திரக் கடையில் பெரிய எவர்சில்வர் சம்புடம் ஒன்று வாங்கினேன். இறுக்கமான மூடி, பிடி வைத்தது. பெயர் வெட்ட வேண்டும் என்றேன். கடைக்காரர் விஜயன் வழக்கம் போல அடியில் வெட்டப் போனார்.

"அடில வேணாம். மூடி மேல வெட்டுங்க. வைஜெயந்தி, லம்பா லைன், போர்ட் பிளேர். எழுத்து பெருசா."

"யாருக்குச் சீர் குடுக்கறீங்க? அவங்க பேரையில்ல வெட்டணும்?"

"குடுக்கிறவ பேரை வெட்டுங்க."

மெஷின் கிர்ரென்று இரைய ஆரம்பித்தது. பக்கத்துக் கடையிலிருந்து கிருஷ்ணமூர்த்தி அண்ணன் எட்டிப் பார்த்தார். பார்த்துவிட்டு இறங்கி வந்தார்.

"தங்கச்சி, அலமாரி காலியாக் கெடக்கு. அடுத்த தட்டு எப்ப வரும்?"

"முத்தையா தெருவுல உங்களுக்குக் கடை இருக்குல்ல அண்ணே. அங்க சொல்லி வர வெச்சுக்கோங்க."

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். மெஷின் சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை, நானும் திரும்பக் கேட்கவில்லை.

மறுநாள் ஏர்போர்ட் வாசலில் சம்பந்தி வீட்டாரை வழியனுப்ப எல்லோரும் நின்றோம். நான் சம்புடத்தை உமா மகேஸ்வரியிடம் நீட்டினேன். சந்திரமதி அதைப் பார்த்ததும் என் காதருகே வந்தாள்.

"எவர்சில்வர் டப்பாவா? தங்கப் பெட்டி எங்கடி?"

"அதுல ஸ்டிக்கர் இருக்கு, உரிஞ்சிரும்" என்றேன்.

உமா மகேஸ்வரி மூடியைத் தடவிப் பார்த்தார். விரலால் எழுத்தைத் தொட்டு, வாய்விட்டுப் படித்தார். அவர் முகத்தில் லேசாக ஒரு சங்கடம் வந்து போனது. பெட்டி கேட்டது ஞாபகம் வந்திருக்கும்.

"பாத்திரத்தத் திருப்பித் தரணுமே" என்றார்.

"ஆமாம்மா. கல்யாணத்துக்கு நாங்க வரும்போது குடுங்க. அதுவரைக்கும் உங்க டைனிங் டேபிள் மேல இருக்கட்டும்."

அவர் சிரித்துவிட்டார். சம்புடத்தைச் செக்-இன் பெட்டியில் போடாமல், பிடியைப் பிடித்துக் கையிலேயே எடுத்துக்கொண்டு உள்ளே போனார். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம், வரிசையில் நின்ற ஒரு பெண் அது என்ன என்று கேட்பதும், இவர் மூடியைக் காட்டுவதும் தெரிந்தது.

சந்திரமதியும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். ஆட்டோவில் ஏறி உட்கார்ந்ததும் ஆரம்பித்தாள்.

"இருந்தாலும் வைஜெயந்தி, பேரை அவ்வளவு பெருசாவா வெட்டுவாங்க?"

"சின்னச் சம்புடம் அண்ணி, அவ்வளவுதான் எடம் இருந்துச்சு. கல்யாணத்துக்கு அண்டாவுல கொண்டுபோகணும். அதுல பாருங்க" என்றேன்.